பன்சித் பிஹோன்: நூல் குழையாமலும் ஒடியாமலும் வரத் தண்ணீர்க் கணக்கு என்ன?

அடுப்படி எழுதியது:

பிலிப்பைன்ஸ் பன்சித் பிஹோன் (சேமியா போன்ற மெல்லிய நூலில் செய்யும் நூடுல்ஸ்) பற்றி ஒரு சந்தேகம். 227 கிராம் பாக்கெட். கொதிநீரில் 15 நிமிடம் ஊறவைத்து வடித்து, கோழி வேகவைத்த தண்ணீர் 3 கப் கொதிக்கும்போது போட்டால், மேலே உள்ள நூல் ஒடிந்து தூளாகிறது, அடியில் களியாகிப் பிடிக்கிறது. நடுவில் இருப்பது மட்டும்தான் தேறுகிறது. ஒரு வீடியோவில் ஊறவே வைக்காதே என்கிறார்கள், இன்னொன்றில் அரை மணி நேரம் ஊறவை என்கிறார்கள். அளவோடு யாராவது சொல்லுங்களேன். அடுத்து பலாபோக் (நூலின் மேல் இறால் சாஸ் ஊற்றும் பன்சித்) செய்யவும் எண்ணம் இருக்கிறது.

வாணலிவாசன் எழுதியது:

உங்கள் முறையில் நூல் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிறது, வினை அங்கேதான். கொதிநீரில் 15 நிமிடம் கிடந்தாலே பிஹோன் முக்கால் வேக்காடு. அதற்குமேல் நீங்கள் ஊற்றும் 3 கப், ஊறாத நூலுக்கு உரிய அளவு.

227 கிராமுக்குக் கணக்கு இது (கப் என்றால் 240 மில்லி). ஊறவைக்காமல் நேரே போட்டால் 3 கப். பச்சைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறி வடித்ததற்கு 2 கப். அந்த 2 கப்பிலும் முதலில் ஒன்றரைதான் ஊற்ற வேண்டும், மீதி அரைக் கப் பக்கத்து அடுப்பில் சூடாக இருக்கட்டும். கொதிநீரில் ஊறியதற்கு நான் கணக்கே சொல்ல மாட்டேன், ஏனென்றால் அப்படி ஊறவைக்கக் கூடாது. வெளிப்பக்கம் குழைந்து உள்ளே கடினமாகவே நிற்கும். அந்த நிலையில் கரண்டியைப் போட்டுக் கிளறினால் ஒடியாமல் என்ன செய்யும்? பச்சைத் தண்ணீரில் ஈரம் மெதுவாக உள்ளே இறங்கும், வெளிப்பக்கம் பசையாகாது. பத்தே நிமிடத்தில் நூல் வளையும், ஆனால் வேகாது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முழுச் செய்முறை, நாலு பேருக்கு:

எலும்போடு கோழித்தொடை 300 கிராம், ஒரு வெங்காயம், பத்து மிளகு, 5 கப் தண்ணீர். மூடி வைத்து 25 நிமிடம் மெல்லக் கொதிக்க விட்டால் 4 கப் அளவுக்குச் சாறு நிற்கும். கோழியை எடுத்து நார் நாராகப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பன்றி வயிற்றுக்கறி 150 கிராம் மெல்லிய நீளத் துண்டுகள். பூண்டு 6 பல் தட்டியது, பெரிய வெங்காயம் 1, கேரட் 1, பீன்ஸ் 100 கிராம், முட்டைக்கோஸ் 200 கிராம். சித்சரோ என்று அவர்கள் சொல்லும் தட்டைப் பட்டாணிக்காய் கிடைத்தால் 50 கிராம். சோயா சாஸ் இரண்டரை டேபிள் ஸ்பூன், பத்திஸ் (மீன் சாஸ்) 1 டேபிள் ஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், எண்ணெய் 3 டேபிள் ஸ்பூன்.

வாணலியில் பன்றிக்கறியை முதலில் போட்டு, அதன் கொழுப்பு இறங்கி ஓரம் சிவக்கும் வரை விடுங்கள். பிறகு வெங்காயம், பூண்டு. பூண்டு நிறம் மாறத் தொடங்கியதும் கேரட், பீன்ஸ் இரண்டு நிமிடம், கடைசியில் கோஸும் பட்டாணிக்காயும் ஒரே நிமிடம். இப்போது காய்கறி மொத்தத்தையும் கோழியையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. கோஸை நூலோடு சேர்த்து வேகவிட்டால் அது விடும் தண்ணீர் நம் கணக்கைக் கவிழ்த்துவிடும்.

அதே வாணலியில் ஒன்றரைக் கப் கோழிச்சாறு, சோயா சாஸ், பத்திஸ், மிளகுத்தூள். கொதித்ததும் ருசி பாருங்கள். தனியாகக் குடித்தால் ஒரு கல் உப்பு கூட இருக்க வேண்டும். நூலுக்குத் தனியாக ருசி கிடையாது, அத்தனை சாற்றையும் அதுதான் குடிக்கப் போகிறது. சோயா சாஸைச் சாற்றில் கலக்காமல் நூலின் தலையில் ஊற்றுவது இன்னொரு தப்பு. விழுந்த இடத்தில் கறுப்புத் திட்டு, மற்ற இடம் வெள்ளை, எவ்வளவு பிரட்டினாலும் சமமாகாது.

வடித்த நூலைப் பரப்பிப் போட்டு, நடுத்தரத் தீயில் 3 நிமிடம் தொடாதீர்கள். பிறகு இரண்டு முள்கரண்டியோ இடுக்கியோ கொண்டு அடியிலிருந்து தூக்கித் தூக்கி விடுங்கள். கரண்டியால் குத்திக் கிளறக் கூடாது. ஒரு நூலை எடுத்துக் கடித்துப் பார்த்து, நடுவில் நறுக்கென்றால் வைத்திருக்கும் அரைக் கப்பிலிருந்து இரண்டு இரண்டு ஸ்பூனாக விடுங்கள். வாணலியின் அடியில் சாறு தெரியாமல், ஆனால் நூல் இன்னும் ஈரமாகப் பளபளக்கும்போதே காய்கறியைச் சேர்த்து ஒரு பிரட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதி ஈரத்தை 5 நிமிடத்தில் தானே இழுத்துக்கொள்ளும். அடுப்பிலேயே முழுக்க வற்றினால் தட்டுக்குப் போவதற்குள் காய்ந்து போயிருக்கும்.

இஞ்சிமொரப்பா எழுதியது:

வாசன் சார் சொன்னதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பாக்கெட்டின் பின்பக்கம். பிஹோன் என்று போட்டிருந்தால் அரிசி என்று அர்த்தம் இல்லை. பிலிப்பைன்ஸ் பாக்கெட்டுகளில் நிறைய மக்காச்சோள ஸ்டார்ச்சில் செய்தவை, சிலவற்றில் அரிசியும் சோளமும் கலந்திருக்கும். சோள நூல் லேசாகக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், வெந்தபின் இழுவை இருக்கும், கொஞ்சம் அதிகம் வெந்தாலும் தாங்கும். அரிசி நூல் மங்கலான வெள்ளை, சீக்கிரம் ஊறும், சீக்கிரம் ஒடியும். சிங்கப்பூர், மலேசியாவில் மீகூன் என்று விற்பது பெரும்பாலும் அரிசி வகை.

அரிசி என்றால் ஊறல் 5 முதல் 7 நிமிடம் போதும், சாறும் ஒன்றேமுக்கால் கப்பில் நிறுத்திப் பாருங்கள். சோளம் என்றால் 10 முதல் 15 நிமிடம். இரண்டுக்கும் ஒரே நேரம் சொல்லும் வீடியோக்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அரை மணி நேரம் ஊறவைக்கச் சொன்னவர் கையில் இருந்தது அநேகமாகத் தடித்த சோள நூலாக இருக்கும்.

நம் ஊர்க் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் உடனடி அரிசிச் சேவையை வைத்து முயல வேண்டாம். அது ஏற்கெனவே ஆவியில் வெந்து உலர்ந்த சாமான், கொதிநீர் பட்டாலே தயார். கொதிக்கும் சாற்றில் 5 நிமிடம் போட்டால் கூழ்தான் மிஞ்சும்.

சுடுதண்ணி எழுதியது:

ஊறவைக்கறதே வேண்டாத வேலைங்க. பச்சைத் தண்ணியை நூல் குடிச்சுட்டா அப்புறம் கோழிச்சாறு எங்க போகும்? ருசி அங்கயே பாதி போச்சு. காஞ்ச நூலை நேரா 3 கப் கொதிக்கிற சாத்துல அமுக்குங்க, 6-7 நிமிஷம், முடிஞ்சுது. உப்புமாவுக்கு அளந்து தண்ணி வைக்கற மாதிரிதான், அளவு சரியா இருந்தா பதமும் சரியா இருக்கும்.

வாணலிவாசன் எழுதியது:

@சுடுதண்ணி: ருசி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த முறைக்குப் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். காய்ந்த பிஹோன் கட்டு விறைப்பாக நிற்கும். 26 செ.மீ. வாணலியில் பாதிக் கட்டு சாற்றுக்கு வெளியே தலை நீட்டும். கீழே உள்ளது வெந்து முடியும்போது மேலே உள்ளது காய்ந்தபடி நிற்க, அதை வளைத்து அமுக்கும்போது ஒடிகிறது. அடுப்படி சொன்ன அறிகுறியும் இதேதான். 32 செ.மீ.க்கு மேல் அகலமான வாணலி, 227 கிராமுக்கு மேல் போகாத அளவு, இரண்டும் அமைந்தால் உங்கள் முறை என்னுடையதைவிட நன்றாகவே வரும். அரைக் கிலோ செய்யும் நாளில் ஊறல் இல்லாமல் நடக்காது.

இன்னொன்று. கட்டைப் பிரிக்கிறேன் என்று காய்ந்த நிலையில் கையால் பிய்க்காதீர்கள், அடுப்புக்குப் போகுமுன்பே பாதி தூள். ஈரமானதும் தானாகப் பிரியும். பிறந்தநாளுக்குச் செய்வதானால் கத்தரிக்கோல் பக்கமே போகக் கூடாது. நீளமான நூல் நீளமான ஆயுள் என்று பிலிப்பைன்ஸ் வீடுகளில் நம்பிக்கை, வெட்டினால் முகம் சுளிப்பார்கள்.

ரசப்பொடி எழுதியது:

நல்ல இழை. எனக்கு இரண்டு கேள்வி. பிஹோனும் கான்டனும் கலந்து செய்வார்களே, அதில் எதை முதலில் போடுவது? பன்றிக்கறி இல்லாமல் செய்தால் ருசி இறங்குமா?

இஞ்சிமொரப்பா எழுதியது:

@ரசப்பொடி: கான்டன் கோதுமை நூல். பிலிப்பைன்ஸ் பாக்கெட்டில் வருவது பொரித்து உலர்த்தியது, அதனால் லேசான எண்ணெய் வாசம் இருக்கும். அதை ஊறவைக்கவே கூடாது, ஊறினால் தளர்ந்துவிடும். 113 கிராம் கான்டன், 113 கிராம் பிஹோன் என்று வைத்துக்கொண்டால் சாறு இரண்டரைக் கப். கொதிக்கும் சாற்றில் கான்டனைப் போட்டு ஒன்றரை நிமிடம் கழித்துத் திருப்பிவிட்டு, கட்டு நெகிழ்ந்ததும் ஊறிய பிஹோனை மேலே பரப்புங்கள். சிலர் பிஹோனை முதலில் போடுவார்கள். அப்போது கான்டன் மேலே காய்ந்து நிற்க, பிஹோன் மொத்தச் சாற்றையும் குடித்துவிட்டு அடியில் உட்காரும். நான் கான்டன் முதலில் என்ற கட்சி.

கான்டனில் உப்பு ஏற்கெனவே இருக்கலாம். பத்திஸைப் பாதியாக்கி, கடைசியில் தேவைப்பட்டால் விடுங்கள்.

பன்றிக்கறி இல்லாவிட்டால் இழப்பது கொழுப்பைத்தான். கோழித்தோலை நறுக்கி மெல்லிய தீயில் உருக்கி அந்த நெய்யில் வதக்கினால் பெரிய குறை தெரியாது. கூடவே 10 இறால் தலையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் நசுக்கி வதக்கி, அரைக் கப் தண்ணீர் விட்டு வடிகட்டிக் கோழிச்சாற்றோடு சேருங்கள். சைவமாக வேண்டுமானால் உலர்ந்த ஷிட்டாகே காளான் 6, வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்த அந்தத் தண்ணீரே சாறு. கெட்டியான டோஃபுவைப் பொரித்துச் சேர்க்கலாம், அங்கே தோக்வா என்பார்கள். பத்திஸுக்குப் பதில் உப்புதான். சோயா சாஸைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் நிறம் கறுக்கும், புளிப்பும் ஏறும்.

அடுப்படி எழுதியது:

பச்சைத் தண்ணீர் ஊறல், ஒன்றரைக் கப், காய்கறி தனியே. குறித்துக்கொண்டேன், எல்லோருக்கும் நன்றி. பாக்கெட்டைப் பார்த்தேன், சோள ஸ்டார்ச் என்றுதான் இருக்கிறது. இனி பலாபோக். அந்த ஆரஞ்சு நிறச் சாஸ் எனக்குக் கசக்கிறது, அரை மணியில் தண்ணீராகவும் ஆகிவிடுகிறது. என்ன காரணம்?

மீன்முள் எழுதியது:

பலாபோக் என் பேட்டை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிஹோன் பன்சித்தில் நூல் சாற்றைக் குடிக்கிறது. பலாபோக்கில் அது நடக்கவே கூடாது. நூலைத் தனியாக முழுக்க வேகவைத்து வடித்து, தட்டில் பரப்பி, கெட்டியான சாஸை மேலே ஊற்றுவதுதான் பலாபோக். லுக்லுக்கும் இதே குடும்பம், நூல் இன்னும் தடிமன். மலாபோன் வேறு சங்கதி. அதில் தடித்த நூலைச் சாஸோடு முன்கூட்டியே பிரட்டிவிடுவார்கள். மணிலாவை ஒட்டிய மலாபோன் மீன்பிடி ஊர் என்பதால் சிப்பி, கணவாய் எல்லாம் மேலே வரும். செய்முறை தேடும்போது இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பார்கள், அளவு இடிக்கும்.

நூல் 250 கிராம். பலாபோக்குக்கு என்றே விற்கும் தடித்த சோள நூல் நல்லது. பச்சைத் தண்ணீரில் 30 நிமிடம் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு 8 நிமிடத்திலிருந்து சோதிக்கத் தொடங்குங்கள். ஒரு நூலை நகத்தால் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. புள்ளி மறைந்து ஒரே கண்ணாடி நிறமாக இருந்தால் உடனே வடித்துவிடுங்கள். பாக்கெட் பார்த்து 15 நிமிடம் வரை போகலாம். வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசினால் ஒட்டாது. பரிமாறும்போது கொதிநீரில் பத்து விநாடி முக்கி எடுத்தால் மறுபடி சூடாகும்.

சாஸுக்கு: தலையோடு இறால் 300 கிராம். தலை, ஓடு இரண்டையும் எடுத்து 4 கப் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அம்மியிலோ மிக்ஸியிலோ ஒரு சுற்று நசுக்கி, மெல்லிய துணியில் பிழியுங்கள். மூன்றரைக் கப் வரும். தலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்புதான் இந்தச் சாஸின் உயிர். சுத்தம் செய்த இறாலை வாங்கினால் பலாபோக் செய்ய வேண்டாம், பேசாமல் பிஹோன் செய்துவிடுங்கள். மிக்ஸியில் வெகுநேரம் அரைக்காதீர்கள், ஓட்டுத்தூள் துணியையும் தாண்டி வந்து நாக்கில் மணலாக நறநறக்கும்.

கொத்திய பன்றிக்கறி அல்லது கோழிக்கறி 200 கிராம், பூண்டு 5 பல், வெங்காயம் 1, பத்திஸ் 2 டேபிள் ஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். கெட்டிப்படுத்த மைதா 3, சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 3 டேபிள் ஸ்பூன், இரண்டையும் அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தது.

அடுத்து நிறம். அங்கே அச்சுவெத்தே என்பது அன்னாட்டோ விதை. 2 டேபிள் ஸ்பூன் விதையைக் கால் கப் எண்ணெயில், எண்ணெய் சூடாகும் முன்பே போட்டு, மிகச் சிறிய தீயில் வைக்க வேண்டும். விதையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் வரும், எண்ணெய் செம்மஞ்சளாகும், 3 நிமிடத்தில் அணைத்து விதையை வடித்துவிடுங்கள். தீ கூடிவிட்டால் சிவந்த எண்ணெய் பழுப்படித்துப் பச்சை கலந்த மஞ்சளாக மங்கும், விதை கறுக்கும். உங்கள் கசப்பு அங்கே வந்ததுதான். கறுத்த எண்ணெயைச் சர்க்கரை போட்டு மீட்க முடியாது, கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள், விதை மலிவுதான். பயமாக இருந்தால் அரைக் கப் வெந்நீரில் விதையை 20 நிமிடம் ஊறவைத்து விரலால் தேய்த்து வடிகட்டுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறும், கசப்பு ஆபத்து இல்லை. மஞ்சள்தூள் போட்டு நிறம் கொண்டுவருவது மட்டும் வேண்டாம், குழம்பு வாசம் அடித்துவிடும்.

இனி வேலை சுலபம். அந்தச் சிவப்பு எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கறி வதக்கி, கறியின் பச்சை நிறம் போனதும் இறால் சாறு, பத்திஸ், மிளகுத்தூள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கரைத்த மாவை மறுபடி கலக்கி (அடியில் தங்கியிருக்கும்) ஒரு கையால் மெல்ல ஊற்றி இன்னொரு கையால் விடாமல் கிளறுங்கள். மைதா இருப்பதால் குறைந்தது 5 நிமிடம் சின்னக் கொதியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு வாசம் போகாது. கரண்டியின் முதுகில் சாஸ் படிந்திருக்கும்போது விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் சரி, ஓரம் வழிந்து மூடினால் இன்னும் இளக்கம். ஆறும்போது மேலும் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் இளக்கமாக நிறுத்துவதே நல்லது. இறால் சதையைச் சாஸில் போட்டு வேகவைக்காதீர்கள், ரப்பராகும். தனியே உப்புத் தண்ணீரில் ஒன்றரை நிமிடம், எடுத்து மேலே அடுக்குங்கள்.

மேலே தூவ: வேகவைத்த முட்டை 3, பொரித்த பூண்டு, வெங்காயத்தாள், தினப்பா என்னும் புகையூட்டிய மீன் உதிர்த்தது, நொறுக்கிய சிச்சரோன் (பொரித்த பன்றித்தோல்) 50 கிராம். உதிர்த்த தினப்பாவில் பாதியைச் சாஸிலேயே போட்டுவிடுங்கள், புகை வாசம் முழுக்க இறங்கும். முள்ளைக் கண்ணால் பார்த்து எடுத்தால் போதாது, விரலால் தடவிப் பார்த்து எடுங்கள்.

சுடுதண்ணி எழுதியது:

சாஸ் தண்ணியாகறதுக்குப் பதில் வரலையே மீன்முள் அண்ணே.

மீன்முள் எழுதியது:

வருகிறேன், கை வலிக்கிறது.

மூன்று காரணம் உண்டு. ஒன்று, வெறும் சோளமாவு. பளபளப்பாகக் கெட்டியாகும், ஆனால் வெகுநேரம் கொதித்தாலோ பலமாகக் கிளறினாலோ பிடிப்பு விட்டுவிடும், ஆறவைத்துச் சூடாக்கினால் தண்ணீர் பிரிந்து நிற்கும். மைதா கலக்கச் சொன்னது அதற்காகத்தான். முழுக்க மைதாவே போட்டால் நிலையாக நிற்கும், ஆனால் சாஸ் மங்கலாகிவிடும், எனக்கு அந்த நிறம் பிடிக்காது.

இரண்டு, கலமான்சியை (எலுமிச்சை போன்ற சிறு புளிப்புப் பழம்) பாத்திரத்தில் பிழிவது. புளிப்போடு கொதித்தால் மாவின் கெட்டி உடையும். அவரவர் தட்டில்தான் பிழிய வேண்டும்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ருசி பார்த்த கரண்டியையே மறுபடி சாஸில் விடுவது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை வெட்டிப் போட்டுவிடும். கொதிக்கும்போது விட்டால் அதன் வேலை நடக்காது, ஆனால் வெதுவெதுப்பாக ஆறிய சாஸில் இது நிஜமாகவே நடக்கும். அரை மணியில் தண்ணீராகிறது என்றதால் நான் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான். ருசி பார்க்கத் தனிக் கரண்டி வையுங்கள்.

அடுப்படி எழுதியது:

வெறும் சோளமாவு, கலமான்சி பாத்திரத்தில். கரண்டியைப் பற்றிப் பேச விரும்பவில்லை :)

தினப்பாவும் கலமான்சியும் கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

ரசப்பொடி எழுதியது:

கலமான்சிக்கு எலுமிச்சைச் சாறு 3 பங்கு, கமலா ஆரஞ்சுச் சாறு 1 பங்கு கலந்தால் கிட்டத்தட்ட வரும். வெறும் எலுமிச்சை கொஞ்சம் முரட்டுப் புளிப்பு. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, லிமாவ் கஸ்தூரி என்று விற்பது அதே பழம்தான்.

இஞ்சிமொரப்பா எழுதியது:

தினப்பாவுக்கு இலங்கைக் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாடு கைகொடுக்கும், அதுவும் புகையில் உலர்ந்ததுதான். உதிராது, இடித்துத் தூளாக்கி 2 டீஸ்பூன் சாஸில் போடுங்கள். உப்பு பார்த்து பத்திஸைக் குறைக்கவும். சாதாரணக் கருவாட்டைச் சுட்டுப் போடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அந்த வாசம் தூக்கலாக நிற்கும், இறால் அடங்கிப் போகும். புகையூட்டிய எந்த மீனும் இல்லையென்றால் விட்டுவிடுவதே மேல்.

பூண்டு பொரிப்பது பற்றி ஒரு வார்த்தை, மீன்முள் தொடாமல் போய்விட்டார். பொடியாக நறுக்கிய பூண்டைக் குளிர்ந்த எண்ணெயில் போட்டு, பிறகு அடுப்பை ஏற்றுங்கள். வெளிர் பொன்னிறத்திலேயே வடிகட்டியில் கொட்டிவிட வேண்டும். வெளியே எடுத்த பின்னும் அது கருத்துக்கொண்டே போகும். சரியான நிறம் வந்த பிறகு எடுத்தால் தட்டில் கசக்கும். வடித்த எண்ணெயைக் கொட்டாதீர்கள், வெந்த நூலில் ஒரு ஸ்பூன் விட்டுப் பிரட்டினால் ஒட்டாது.

நெய்க்கரண்டி எழுதியது:

இழை முழுக்க மணிலாவைச் சுற்றியே போகிறது. சாறு குறைவான பன்சித் பிடிக்கும் என்றால் லுக்பானைப் பாருங்கள். கேசோன் மாகாணத்து ஊர், மே 15 அன்று சான் இசித்ரோ என்னும் புனிதருக்காக நடக்கும் பஹியாஸ் திருவிழாவுக்குப் பேர்போனது. அங்கே பன்சித் ஹப்ஹப்பை வாழையிலைத் துண்டில் வைத்து, கரண்டி இல்லாமல் இலையோடு வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவார்கள். கலமான்சி கிடையாது, மேலே வினிகர். நூல் உலர்ந்த கோதுமை மிக்கி. காய்களில் முக்கியம் சயோத்தே, அதாவது நம் சௌசௌ. தோல் சீவி நெருப்புக்குச்சி அளவுக்கு நறுக்கி 3 நிமிடம் வதக்கினால் போதும், மெல்லக் கொஞ்சம் இருக்க வேண்டும். இலையில் வைப்பதால் சாறு அறவே சுண்ட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை வரை வழியும். 227 கிராம் உலர்ந்த மிக்கிக்கு இரண்டேகால் கப் என்று தொடங்கி, கடைசி இரண்டு நிமிடம் தீயைக் கூட்டிச் சுண்டவிடுங்கள். வீட்டில் செய்தாலும் இலையில் வையுங்கள், சூட்டில் இலை வாடி வரும் வாசம் அந்தப் பன்சித்தில் பாதி.

வடக்கே துகெகராவ் பக்கம் பத்தில் பத்தோங் இதற்கு நேர் எதிர். காரபாவ் எருமைக் கறியைக் கொத்தி வதக்கி, மிக்கி நூலின் மேலே போட்டு, அதற்கும் மேலே அரைவேக்காட்டு முட்டை. பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான சாற்றில் முட்டையை அடித்து ஊற்றிய சூப். தொட்டுக்கொள்ள நறுக்கிய வெங்காயத்தில் சோயா சாஸ், வினிகர், மிளகாய். வெங்காயத்தைக் கைநிறையப் போட வேண்டும், கஞ்சத்தனம் கூடாது.

சுடுதண்ணி எழுதியது:

பன்சித் மோலோவை விட்டுட்டீங்க. பேரு பன்சித், ஆனா உள்ள நூலே கிடையாது. இலோய்லோ ஊரு சமாச்சாரம், கறி வெச்சு மடிச்ச மாவுப்பொட்டலத்தை சூப்புல போடுவாங்க. தண்ணிக் கணக்கே வேணாம், இந்த இழைக்கு அதுதான் மருந்து.

ரசப்பொடி எழுதியது:

கடைசியாக ஒன்று. விருந்துக்கு இருபது பேர் என்றால் 227 கிராம் கணக்கை அப்படியே ஐந்தால் பெருக்கலாமா? மிஞ்சினால் எப்படி வைப்பது?

வாணலிவாசன் எழுதியது:

@ரசப்பொடி: நூல், காய், கறி, சோயா சாஸ் எல்லாவற்றையும் பெருக்கலாம், சாற்றைப் பெருக்காதீர்கள். பாத்திரம் பெரிதாகி நூல் கனமாக நிற்கும்போது ஆவியாகிப் போவது விகிதத்தில் குறையும். உலர்ந்த எடையில் 1 கிலோ பிஹோனை ஊறவைத்துச் செய்தால் 9 கப் தேவைப்படாது, ஏழரையில் நிறுத்திப் பார்த்து விடுங்கள். அதைவிட நல்லது, அரைக் கிலோவாக இரண்டு தடவை செய்வது. ஒரு கிலோவை வீட்டு அடுப்பில் ஒரே வாணலியில் தூக்கிப் பிரட்டவே முடியாது, அடி களியாகும், நாம் தொடங்கின இடத்துக்கே வந்துவிடுவோம்.

விருந்தில் பெரிய தட்டில் சூடாகக் குவித்து உடனே அலுமினியத் தாளால் இறுக்கி மூடுவார்கள். ஆவி நீராகித் திரும்ப நூலில் விழும், மேல்பக்கம் ஊறிப்போகும், கோஸ் இருந்தால் வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்தும் விடும். பரப்பி வைத்து, ஆவி அடங்கியதும் தளர்வாக மூடுங்கள். காயும் கறியும் கலந்த மாவுப்பண்டம் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் கிருமி விட்ட நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாசம் நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

மிஞ்சியதை ஆழமில்லாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள். நூல் விறைத்துப் போயிருக்கும், கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். குளிரில் மாவுச்சத்து இறுகுவதுதான். ஒரு தட்டு அளவுக்கு 3 டேபிள் ஸ்பூன் கோழிச்சாறோ தண்ணீரோ தெளித்து, வாணலியில் மூடி, சின்னத் தீயில் 3 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து தூக்கிப் பிரட்டுங்கள்.

மீன்முள் எழுதியது:

பலாபோக் மிஞ்சினால் நூல் தனி, சாஸ் தனி. கலந்து வைத்தால் காலையில் ஒரே கட்டி. சாஸை எடுக்கும்போது மேலே ஆடை கட்டியிருக்கும். அதைக் கலக்காதீர்கள், கட்டி கட்டியாக நிற்கும். ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு, கால் கப் தண்ணீர் சேர்த்துச் சின்னத் தீயில் சூடாக்குங்கள். சிச்சரோனை மட்டும் பரிமாறும் கணத்தில் நொறுக்குங்கள், பத்து நிமிடத்திலேயே சொதசொதத்துவிடும்.

அடுப்படி எழுதியது:

தண்ணீருக்குப் பதில் மிச்சம் இருக்கும் இறால் சாறே விடலாமா?

மீன்முள் எழுதியது:

தாராளமாக. ஆனால் அதில் உப்பு சேர்த்திருக்கக் கூடாது. தலையைக் கொதிக்கவைக்கும்போதே ஒரு கப் கூடுதலாக எடுத்து, உப்பில்லாமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள்.